கூரைமரத்தின் கனமும் கணிதமும்

வளவின் ஒரு மூலையிலே மண்வெட்டியும் விறகும் உரச்சாக்கும் வைப்பதற்கெனச் சிறு கொட்டில் ஒன்று அமைக்க எண்ணுபவன் தச்சனை அழைத்து முதலிற் கேட்பது மரத்தின் அளவைப் பற்றியே. 10 அடி நீளத்துக்கு 4 அங்குலம் உயரமும் 2 அங்குலம் அகலமும் உள்ள கைமரம் போதுமா, 5 அங்குலம் வேண்டுமா, முகட்டு வளை எவ்வளவு கனமாயிருத்தல் வேண்டும், கப்பு எத்தனை அங்குலச் சதுரம் என்பன அவனுடைய வினாக்கள். தச்சன் இருபுறமும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கிறான்; மரத்தை ஒருமுறை தட்டிப் பார்க்கிறான்; விடையைக் கூறிவிடுகிறான். அவ்விடை பெரும்பாலும் சரியாகவே அமைந்துவிடும். அஃது எங்ஙனம் சரியாயிற்று எனக் கேட்பின் அவன் தன் ஆசானைக் காட்டுவான். அந்த ஆசானும் தன் ஆசானையே காட்டியிருப்பான். கொட்டிற் கூரையைப் பற்றிய இந்த எளிய வினாவுக்குக் காரணத்தோடு கூடிய விடையை ஐரோப்பிய அறிஞர் தேடத் தொடங்கியது 1638ஆம் ஆண்டளவிலாகும். அவ்விடை தச்சன் கைக்கு எட்டக்கூடிய நூல்வடிவம் பெற்றது 1820இலே. இடைப்பட்ட 182 ஆண்டுகளின் வரலாறு, பட்டறையும் கல்விச்சாலையும் ஒன்றையொன்று அறியாது நெடுங்காலம் நின்ற வரலாறாகும்.

அதற்கு முன்னர் விதிகள் இல்லாமலில்லை. நம் நாட்டுச் சிற்பநூல்களாகிய மயமதமும் மானசாரமும் தூணின் அளவைக்கொண்டே அதன்மேல் அமையும் உறுப்புக்களின் அளவுகளை வகுப்பன. உரோமாபுரியின் வித்துருவியசும் அவ்வாறே செய்தார். 12 முதல் 15 அடி வரை உயர்ந்த தூணுக்கு, அதன்மேற் கிடக்கும் உத்திரம் தூணின் அடிக்கனத்திற் பாதி உயரமுடையதாயிருத்தல் வேண்டும் என்றும், தூண் உயர உயர உத்திரத்தின் விகிதமும் கூடவேண்டும் என்றும் அவர் விதித்தார். ஏன் கூடவேண்டும் என்பதற்கு அவர் கூறும் காரணம் கருதற்பாலது. உயரத்தில் உள்ள பொருள் கண்ணுக்குச் சிறுத்துத் தோன்றுமாதலின் அத்தோற்றக் குறையை நிரப்புதற்காம். பாரத்தைப் பற்றி அங்கே பேச்சில்லை. விகிதம் அழகின் பொருட்டு வகுக்கப்பட்டது. அழகுக்கு வகுத்த விகிதம் பாரத்தையும் தாங்கியமை பெரும்பாலும் கல்லும் மரமும் தாராளமாக இடப்பட்டமையாலாகும்.

அனுபவம் ஒன்றே எல்லாவற்றையும் கற்பித்துவிடும் என்று கூறுவாருமுளர். அவர்கள் இங்கிலாந்தின் பழைய வீடுகளைப் பார்த்தல் நன்று. மத்தியகாலத்து ஆங்கிலத் தச்சர் தளத்தைத் தாங்கும் குறுக்கு மரங்களை அகன்ற பக்கம் கீழாகக் கிடத்தியே பதித்து வந்தனர். இக்காலத்துத் தச்சன் எவனும் அவற்றை நிறுத்தியே வைப்பான். பாடசாலைச் சிறுவன் ஒருவன் தன் அடிமட்டத்தைத் தட்டையாகப் பிடித்து வளைத்தபின் விளிம்பு மேலாகப் பிடித்து வளைக்க முயல்வானாயின் இவ்வேற்றுமையை நொடியில் உணர்வான். எனினும், பல நூற்றாண்டுகளாகக் கைதேர்ந்த தச்சர்கள் மரத்தைக் கிடத்தியே வைத்தார்கள். பொருத்து வெட்டுதற்கும் பலகை பரப்புதற்கும் அது வசதியாயிருந்தது; ஓக்கு மரமும் மலிவாயிருந்தது. மரம் அருகத் தொடங்கிய பின்னரே வழக்கம் மெல்ல மாறியது.

1666ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் பெரும்பகுதி தீக்கிரையானது. மறுவாண்டு பாராளுமன்றம் இயற்றிய மீள்கட்டடச் சட்டம் வீடுகளை நான்கு வகையாகப் பிரித்து, சுவரின் கனத்தையும் மாடிகளின் உயரத்தையும் விதித்ததோடு, மரங்களின் அளவையும் நிரற்படுத்தித் தந்தது. யோசேப்பு மொக்சன் 1677 முதலாகப் பகுதி பகுதியாக வெளியிட்ட தமது கைத்தொழில் நூலிலே அவ்வளவுகளைத் தச்சர்க்கெனப் பெயர்த்தெழுதினார். வல்ல தொழிலாளரைக் கலந்தே அவை சட்டமாக்கப்பட்டன என்பது அவர் கூற்று. ஆசான் வாய்மொழியாகச் சொல்லிவந்தது இப்பொழுது அச்சேறிச் சட்டமாயிற்று. ஆயினும், அச்சேறியமையால் அது காரணம் பெற்றுவிடவில்லை. இத்துணை நீளத்துக்கு இத்துணைக் கனம் என்ற அளவிலே அந்நிரல் நின்றுவிட்டது.

காரணத்தைத் தேடிய நூலோ அத்தீவிபத்துக்கு 28 ஆண்டுகளுக்கு முன்னரே ஒல்லாந்து தேசத்து இலெய்டன் நகரில் அச்சாகியிருந்தது. 1633இலே விசாரணைச் சபையாற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, புளோரன்சுக்கு அண்மையில் ஆர்செத்திரி என்னும் ஊரில் வீட்டுக்காவலில் இருந்த கலிலியோ, வானத்தைப் பற்றி எழுதுதற்குத் தடையிருந்தமையால் மண்ணிலுள்ள பொருள்களைப் பற்றிய தம் பழைய ஆராய்ச்சிகளைத் தொகுத்தார். 1638இல் வெளிவந்த ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் அந்நூல் மூவரின் உரையாடலாக அமைந்தது. அவ்வுரையாடல் தொடங்குமிடம் வெனிசு நகரத்துக் கப்பற் பட்டறை. சிறு மரக்கலத்தை நீரில் இறக்குதற்குப் போதிய முட்டுக்கள் பெருங்கப்பலுக்குப் போதாவென்றும், தன் பாரத்தாலேயே அது முறிந்துவிடக்கூடுமென்றும் அங்குள்ள முதிய தொழிலாளர் அறிந்திருந்தனர். உருவம் ஒன்றாயிருக்க, விகிதம் ஒன்றாயிருக்க, பெரியது மட்டும் ஏன் வலிமை குன்ற வேண்டும்? தொழிலாளரின் இவ்வனுபவத்தைக் கலிலியோ கேத்திரகணிதத்தின் வினாவாக மாற்றினார்.

சுவரிலே ஒரு முனை புதைந்து மறுமுனையிற் பாரம் தூங்கும் மரமொன்றை அவர் எடுத்துக்கொண்டார். அதனை நெம்புகோலாகக் கருதினார். மரத்தின் அகலம் இருமடங்கானால் வலிமை இருமடங்காகும். உயரம் இருமடங்கானாலோ நான்கு மடங்காகும் என்பது அவர் கண்ட முடிபு. வலிமை அகலத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் பெருக்கிவந்த தொகைக்கு விகிதசமம் என்பதே இதன் பொருள். ஆகவே, 4 அங்குலத்துக்கு 2 அங்குலக் கைமரம் ஒன்றைக் கிடத்தி வைப்பதிலும் நிறுத்தி வைத்தால் அது இருமடங்கு பாரம் தாங்கும். ஆங்கிலத் தச்சர் நூற்றாண்டுகளாகக் காணாததைக் கண்பார்வை குன்றி வந்த ஒரு முதியவர் தாளிலே கண்டார்.

வெனிசுத் தொழிலாளரின் புதிரும் இதனால் அவிழ்ந்தது. ஒரு மரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால் அதன் குறுக்குவெட்டின் வலிமை எட்டு மடங்காகும். அதன் சொந்தப் பாரமும் எட்டு மடங்கே. ஆனால், அப்பாரம் இருமடங்கு நீளத்திலே நின்று இழுத்தலின் மரத்தை முறிக்கும் முயற்சி பதினாறு மடங்காகிவிடுகின்றது. பெரியது சிறியதன் பாதி உறுதியே உடையது. வித்துருவியசின் விகிதநெறி எல்லாப் பருமனுக்கும் செல்லாது என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

எனினும், கலிலியோ ஒரு பெரும்பிழை விட்டார். மரம் வளையும்போது அதன் ஒரு பக்கத்து நார்கள் நீள, மறுபக்கத்து நார்கள் நெருக்குண்ணும் என்பதை அவர் கருதவில்லை. நார்கள் எல்லாம் ஒரே அளவாக இழுபட்டுக் கீழ்விளிம்பைச் சுற்றிமுறிவதாகக் கொண்டார். மீள்தன்மை நெறியின்படி கணித்துவரும் வலிமையிலும் அவர் முறை காட்டுவது மூன்று மடங்கு கூடியது. ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு ஒப்பிடுவதற்கு அவர் விதி பிழையின்றி உதவும். ஒரு மரம் எத்தனை இறாத்தல் தாங்கும் என்று கேட்பாரை அது கூரையின் கீழே கொன்றுவிடும்.

பிழையைத் திருத்துதற்கு வேண்டிய திறவுகோல் இலண்டனிலே கிடைத்தது. தீவிபத்தின் பின் நகரத்தின் நில அளவையாளருள் ஒருவராய் நியமிக்கப்பட்டு, புதிய வீடுகளின் அத்திவாரங்களையும் எல்லைகளையும் அளந்து திரிந்த றொபேட் ஹூக், இழுவிசை எவ்வளவோ நீட்சியும் அவ்வளவே என்னும் விதியை 1676இலே எழுத்துக்களை மாற்றியடுக்கி ஒரு விடுகதையாக வெளியிட்டு, 1678இலே அதனை விளக்கினார். சட்டத்தின் அளவுநிரல் நடைமுறையிலிருந்த அதே நகரில், அந்நிரலுக்குக் காரணமாகத்தக்க விதியைக் கண்டவர் அந்நகரின் அலுவலராகவே இருந்தார். ஆயினும், இரண்டையும் இணைத்துப் பார்க்கும் தேவை ஒருவர்க்கும் எழவில்லை.

இணைப்பு பிரான்சிலே நிகழ்ந்தது. மரியொற் என்பார் மரத்துண்டுகளை முறித்துப் பார்த்துக் கலிலியோவின் கணக்கு மிகைபடக் கூறுகின்றதெனக் கண்டார். அந்துவான் பராந் என்பார் 1713இலே வெளியான தமது கட்டுரைகளில் நீளும் நார்களுக்கும் நெருக்குண்ணும் நார்களுக்கும் இடையே நீளாமலும் குறுகாமலும் நிற்கும் படலம் எங்கே அமையுமென்பதைச் சரியாக விளக்கினார். அவர் எழுத்தை அக்காலத்தார் பொருட்படுத்தவில்லை. பராந் இன்னொன்றும் கண்டார். வட்டமான அடிமரத்திலிருந்து மிக வலிய நீள்சதுர உத்திரத்தை அரிந்தெடுப்பது எவ்வாறு? வெட்டுமுகத்தின் விட்டத்தை மூன்று சமபாகமாக்கி, பிரிக்கும் இரு புள்ளிகளிலிருந்தும் எதிரெதிர்த் திசைகளிற் செங்குத்துக்கோடுகளை வட்டத்தின் விளிம்புவரை இழுத்து, அவ்விரு முனைகளையும் விட்டத்தின் முனைகளோடு சேர்த்தால் வேண்டிய உருவம் கிடைக்கும். அதன் பக்கங்கள் ஏறத்தாழ 5க்கு 7 என்னும் விகிதத்தில் அமையும். 12 அங்குல விட்டமுள்ள அடிமரத்திற் சதுரமாக அரிந்தால் ஏறக்குறைய 8½ அங்குலச் சதுரம் வரும். பராந் காட்டியவாறு அரிந்தால் ஏறக்குறைய 7 அங்குல அகலமும் 9¾ அங்குல உயரமும் உள்ளதாய் வரும். பின்னையது மரத்தில் நூற்றுக்கு 6 பங்கு குறைந்தும் வலிமையில் நூற்றுக்கு 9 பங்கு கூடியும் நிற்கும். ஒரு கயிறும் ஒரு கரித்துண்டும் கொண்டு எந்தத் தச்சனும் செய்யக்கூடிய இவ்வமைப்புக் கணிதம் பட்டறைக்குக் கொடுத்த முதற் கொடையெனலாம்.

ஆயின், கணக்கிற் காணும் மரம் வேறு. காட்டில் நிற்கும் மரம் வேறு. இவ்வுண்மையை நிலைநாட்டியவர் பின்னாளில் இயற்கை வரலாற்றாசிரியராகப் பெரும்புகழ் பெற்ற பூபொன் பிரபு. பிரான்சியக் கடற்படைக்குத் தேவையான மரங்களைப் பற்றி ஆராயுமாறு பணிக்கப்பட்ட அவர், விரற்கடைத் துண்டுகளை முறித்துப் பார்த்து நிறைவடையவில்லை. 4 அங்குலச் சதுரம் முதல் 8 அங்குலச் சதுரம் வரையும், 28 அடி நீளம் வரையும் உள்ள முழு ஓக்கு உத்திரங்களையே பாரமேற்றி முறித்தார். 1740ஆம் ஆண்டையடுத்து அவர் முடிபுகள் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் ஏடுகளில் வெளிவந்தன. அடிமரத்தின் உட்பகுதியிலிருந்து எடுத்த மரம் கனத்தும் வலிமை மிக்கும், தோலையடுத்த வெளிற்றுப் பகுதி மெலிந்தும் இருந்தன. கணுவும் சாய்ந்த நாரும் வலிமையைக் குறைத்தன. அவர் சோதனைகளுள் மிக அரியது வேறொன்று. சிறிது நேரத்தில் ஓர் உத்திரத்தை முறிக்கும் பாரத்தின் மூன்றில் இரண்டு பங்கை அதேபோன்ற வேறோர் உத்திரத்தில் ஏற்றி வைத்தார். அது முறியாது நின்றது. மாதங்கள் கழிந்தபின் ஒருநாள் முறிந்தது. பாதிப் பாரம் ஏற்றிய உத்திரமோ வளைந்ததன்றி ஈராண்டு கழிந்தும் முறியவில்லை. மரம் களைப்படையும் பொருள் என்பதை அறிவுலகம் அன்றுதான் அளந்தறிந்தது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்காவின் மடிசன் நகரத்து மர ஆராய்ச்சிச்சாலையார் 1951இல் வெளியிட்ட வரைபடம், பத்தாண்டு நிலைத்துநிற்கும் பாரத்தைச் சில நிமிடங்களில் முறிக்கும் பாரத்தின் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்காகவே கொள்ளவேண்டும் எனக் காட்டிற்று. பூபொன் கண்ட பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் இடையிலேயே அது நிற்கின்றது.

கப்பின் கதை வேறு. நிமிர்ந்து நிற்கும் மெல்லிய மரம் நசுங்கிக் கெடுவதில்லை. பக்கமாக வளைந்தே கெடும். உயரம் இருமடங்கானால் அது தாங்கும் பாரம் நாலிலொன்றாகும் என்பதை மூசன்புறூக்கு என்னும் ஒல்லாந்தர் 1729இலே சோதனையாற் கண்டார். ஒயிலர் 1744இலே கணிதத்தால் நிறுவினார். மெலிந்த பக்கமாகவே கப்பு வளையுமாதலின், 4 அங்குலத்துக்கு 2 அங்குல மரத்தை நட்டுக் கப்பாக்குவதினும் 3 அங்குலச் சதுர மரத்தை நடுதல் மேலானது. மரச்செலவு எட்டிலொரு பங்கே கூடும். வளைவை எதிர்க்கும் ஆற்றலோ இரண்டரை மடங்காகும்.

மார்த்தினிக்குத் தீவிலே கோட்டை கட்டுவித்த இராணுவப் பொறியியலாளராகிய கூலோம் 1773இலே சமர்ப்பித்த கட்டுரையில் உத்திரத்தின் கணக்கை முற்றாகத் திருத்தினார். நவியே 1826இல் அச்சிட்ட தம் விரிவுரைகளில் அதனைப் பொறியியல் மாணவர்க்குரிய பாடமாக்கினார். இவ்விருவரின் எழுத்தும் தச்சன் கையை அடையவில்லை. அடைந்த நூல் தச்சன் ஒருவனே எழுதிய நூலாகும்.

தோமஸ் திரெட்கோல்ட் 1788இலே இங்கிலாந்தின் வடபாகத்தில் டர்காம் நகரையடுத்த சிற்றூரொன்றிற் பிறந்தவர். 14ஆம் வயதிலே தளபாடம் செய்யும் தச்சரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். பின்னர் ஸ்கொத்துலாந்திலே கூலித் தச்சராயிருந்தார். அதன்பின் இலண்டனிற் கட்டடக்கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் அமர்ந்தார். பல்கலைக்கழக வாயிலை மிதியாத அவர் தொழிலுக்கிடையே கணிதமும் பிரான்சிய நூல்களும் தாமே கற்று, 1820இல் தச்சுத்தொழிலின் மூலதத்துவங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். முன்னையோர் யாவரும் மரம் எப்பொழுது முறியும் என்று வினவினர். திரெட்கோல்டோ மரம் எவ்வளவு தொய்யும் என்று வினவினார். கூரையின் கீழும் தளத்தின் மீதும் வாழ்ந்த தொழிலாளிக்கே இவ்வினா எழும். முறியாத உத்திரமும் தொய்ந்தால் கீழுள்ள சாந்து வெடிக்கும்; ஓடுகள் விலகி மழைநீர் ஒழுகும். ஓரடி இடையீட்டுக்கு ஓர் அங்குலத்தின் 40இல் ஒரு பங்குக்கு மேல் தொய்தலாகாது என்பது அவர் வகுத்த எல்லை. 10 அடிக்குக் கால் அங்குலம். தொய்வைத் தடுக்கும் ஆற்றல் உயரத்தின் கனத்தைப் பொறுத்தது. அதாவது, உயரத்தை இருமடங்காக்கினால் அவ்வாற்றல் எட்டு மடங்காகும். இவ்வடிப்படையில் அவர் அமைத்த விதிகளும் அட்டவணைகளும் அந்நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலம் பேசும் நாடுகளிற் கட்டடக்காரர்க்கு வழிகாட்டின. 41 வயது நிரம்புமுன்னரே, 1829இல், அவர் இறந்தார்.

இனிக் கொட்டிலுக்கு மீள்வோம். 8 அடி இடையீட்டுக்கு 4 அங்குலத்துக்கு 2 அங்குலக் கைமரம் போதும் என்பது ஒரு தச்சனின் அனுபவமாயின், 10 அடிக்கு எது வேண்டும்? ஒரே கூரை, ஒரே இடைவெளி எனக் கொண்டால், முறிக்கும் முயற்சி இடையீட்டின் வர்க்கமாகக் கூடி 16க்கு 25 ஆகும். மரத்தின் உயரத்தை 5 அங்குலமாக்கின் வலிமையும் 16க்கு 25 ஆகும். இடையீட்டோடு ஒப்பிட்ட தொய்வும் இவ்வாறே ஈடுசெய்யப்படும். உயரத்தை இடையீட்டின் விகிதத்திற் கூட்டிவந்தாற் போதும் என்பதே இதன் பயன். தச்சர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட விகிதமும் இதுவே! அவர்கள் விதி உண்மையே. ஆனால், அவ்வுண்மைக்கு வேலியிருந்தது. கூரையின் பாரம் மாறாதிருக்கவேண்டும். மரத்தின் சொந்தப்பாரம் சிறிதாயிருக்கவேண்டும். ஓலைக்கூரையை நீக்கி ஓடு வேய்பவன் பழைய விகிதத்தையே பற்றிக்கொண்டிருப்பானாயின் வேலிக்கு வெளியே சென்றவனாவான். மேலதிக மரத்தை அகலத்தில் இட்டு 4 அங்குலத்துக்கு 2½ அங்குலமாக்குபவனும் ஏமாறுவான். செலவிட்ட மரம் ஒன்றே. ஆயினும், அவன் பெறும் வலிமை நாலிலொரு பங்கே கூடும். உயரத்தில் இட்டவனோ பாதிக்கு மேற்பட்ட வலிமையையும் ஏறத்தாழ இருமடங்கு விறைப்பையும் பெறுவான். பாரமில்லாத தகரக் கூரைக்கோ கீழ்நோக்கிய சுமையிலும் மேல்நோக்கித் தூக்கும் காற்றே பெரும்பகை. 1978ஆம் ஆண்டு கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின்போது கூரைகள் பறந்ததைக் கண்டவர்க்கு இது கூறவேண்டுவதில்லை. அங்கே மரத்தின் கனத்தைக் கூட்டுவதாற் பெரும்பயனில்லை. கைமரத்தை வளையோடும் வளையைக் கப்போடும் பிணிப்பதிலும், கப்பை நிலத்தில் ஆழ ஊன்றுவதிலுமே காவல் உண்டு.

இவ்வளவும் ஓக்கு, பைன், தேக்கு, பாலை முதலிய மரங்களுக்கே பொருந்தும். யாழ்ப்பாணத்துக் கொட்டிலின் கூரையைத் தாங்கிவந்தது பனை. ஒல்லாந்தர் காலத்திலே கொழும்புக்கும் அப்பாலும் ஏற்றப்பட்டதும், வில்லியம் பெர்குசன் 1850இலே கொழும்பில் ஒரு தனிநூலே எழுதுமளவுக்குப் புகழ்பெற்றதும் இப்பனையே. தொல்காப்பியர் மரபியலிலே புறத்தே காழ்ப்பு உடையவற்றைப் புல் என்றும், அகத்தே காழ்ப்பு உடையவற்றை மரம் என்றும் பிரித்தார். பூபொன் பிரபு சோதித்த ஓக்கு அகக்காழ் உடையது, உள்ளே வலியது. பனை புறக்காழ் உடையது. கரிய நார்கள் புறத்தே செறிய, உள்ளே மென்மையான சோறு நிரம்பியிருக்கும். பராந் காட்டிய முறைப்படி பனந்துண்டு ஒன்றைச் சுற்றிலும் செதுக்கி நீள்சதுரமாக்கினால், கழித்தெறியப்படும் சிராம்புகளே வைரம். எஞ்சி நிற்பதிற் பெரும்பகுதி சோறு. பிரான்சிய விதி பனையிடத்து மிக வலிய உத்திரத்தைத் தராது. மிக மெலிந்ததைத் தரும்.

நம் தச்சர் அவ்வாறு செய்யவில்லை. முதிர்ந்த பெண்பனையைத் தேர்ந்து, அரியாது ஆப்பு வைத்து நெடுகப் பிளந்து, சோற்றைச் செதுக்கி நீக்கி, வைரம் பாய்ந்த புறப்பகுதியையே வளையாகவும் சிலாகையாகவும் கொண்டனர். உத்திரம் வளையும்போது நடுப்படலத்துக்கு அருகிலுள்ள நார் மிகச் சிறிதே உழைக்கின்றது. விளிம்பிலுள்ள நாரே பாரத்தைச் சுமக்கின்றது. எங்கும் ஒரே தன்மையான உருண்டை மரத்தில் விட்டத்தின் பாதியளவாக உள்ளீட்டைக் குடைந்தெடுத்தாலும், மரத்தில் நாலிலொரு பங்கு நீங்கும். வலிமையிலோ பதினாறில் ஒரு பங்கே குறையும். பனையிற் குடைந்து நீக்குவது சோறாதலின் அவ்விழப்பு அதனினும் சிறிது. இக்கணக்கை நவியேயின் விரிவுரைகளைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம்.